ஐ3 விண்டோ மேனேஜருக்கு மாறுகிறவர்களுக்கு: இல்லாத வசதிகளும் அவற்றுக்கான குறுக்கு வழிகளும்

ஐ3 என்பது லினக்ஸில் சாளரங்களை ஓடுகள் போல ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கும் நிரல். அதை நிறுவி உள்ளே நுழைந்தால் கறுப்புத் திரையும் கீழே ஒரு மெல்லிய பட்டையும்தான் தெரியும். க்னோம், கேடிஇ போன்ற முழு டெஸ்க்டாப்புகளிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் உற்சாகமாகத்தான் போகும். அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பும்: வெளிச்ச விசை வேலை செய்யவில்லை, பூட்டுத் திரை வரவில்லை, மானிட்டரைக் கழற்றியதும் சாளரங்களைக் காணவில்லை.

இவற்றோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. ஐ3-இல் "இல்லை" என்று நாம் புலம்பும் வசதிகள் மூன்று வகை. சில உள்ளேயே இருக்கின்றன, கான்ஃபிக் கோப்பில் (ஐ3-இன் அமைப்புகளை எழுதும் கோப்பு) ஒரு வரி எழுதினால் போதும். சிலவற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சிறு நிரல் வேண்டும். சில, எக்ஸ்11 (திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அடித்தளம்; எக்ஸ் சர்வர் இதன் பகுதி) மேல் ஓடும்வரை சரியாக வரவே வராது. எது எந்த வகை என்று தெரியாமல் தேடுவதில்தான் நேரம் கரைகிறது. கீழே உள்ள படிகளை, எதை முதலில் செய்தால் அவதி குறையும் என்ற கணக்கில் அடுக்கியிருக்கிறேன். ஆணைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலிலும் கோப்பிலும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. பழைய டெஸ்க்டாப் அப்படியே இருக்கட்டும்

இதற்காகப் புது டிஸ்ட்ரோ (லினக்ஸ் வழங்கல்) போடத் தேவையில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றின் களஞ்சியத்திலும் ஐ3 என்ற பெயரிலேயே இருக்கிறது. நிறுவிவிட்டு லாகவுட் செய்யுங்கள். உள்நுழையும் திரையில் உங்கள் பெயரைத் தேர்ந்ததும் ஒரு பல்சக்கரச் சின்னம் தெரியும். அதை அழுத்தினால் அமர்வுப் பட்டியலில் ஐ3 இருக்கும். இரண்டு ஐ3 தெரிந்தால் "டீபக் லாக்" என்று போடாததைத் தேர்ந்தெடுங்கள். வேலை கெட்டால் அதே பட்டியலில் பழைய டெஸ்க்டாப்புக்குத் திரும்பலாம். அந்த வாசலை ஓரிரு மாதத்துக்காவது மூடாதீர்கள்.

பணச் செலவு கிடையாது. நேரச் செலவு உண்டு. அடிப்படை அமைப்புக்கு அரை நாள் ஒதுக்குங்கள். விசைகள் விரலில் ஏற ஓரிரு வாரம் பிடிக்கும், அதுவரை வேலை மெதுவாகத்தான் நடக்கும். கெடு நெருங்கும் வாரத்தில் மாறவே மாறாதீர்கள்.

நிறுவியதும் வெர்ஷனைப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் குறையும். கான்ஃபிக்கைப் பல கோப்புகளாகப் பிரிக்க உதவும் "இன்க்ளூட்" 4.20-இல் வந்தது. ஓடுகளாக அடுக்கியிருக்கும் சாளரத்தை மவுஸால் இழுத்து இடம் மாற்றுவது 4.21-இல். சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விடும் "கேப்ஸ்" 2023 ஜனவரியில் வந்த 4.22-இல்தான் உள்ளே சேர்ந்தது. அதற்கு முன் அதற்கென்றே ஐ3-கேப்ஸ் என்று தனிப் பிரதி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்றும் அதை நிறுவச் சொல்லும் குறிப்பைப் பார்த்தால், அது பழைய குறிப்பு என்று நகர்ந்துவிடுங்கள்.

2. மாட் விசை எது என்ற கேள்விக்கு "விண்டோஸ் விசை" என்று பதில் சொல்லுங்கள்

முதல் முறை நுழையும்போது கான்ஃபிக் கோப்பு உருவாக்கட்டுமா என்று கேட்கும். எஸ்கேப் அடித்துவிடாதீர்கள், உருவாக்கச் சொல்லுங்கள். வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் ஐ3 என்ற அடைவில் கோப்பு உட்காரும். அடுத்து, மாட் விசையாக (ஐ3-இன் குறுக்குவிசைகளில் சேர்த்து அழுத்தும் விசை) ஆல்ட்டா விண்டோஸ் விசையா என்று கேட்கும். ஆல்ட் கட்டைவிரலுக்குப் பக்கமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிரவுசரில் ஆல்ட்-டி முகவரிப் பட்டைக்குப் போகும், பல செயலிகளில் ஆல்ட்-எஃப் மெனுவைத் திறக்கும். இவற்றையெல்லாம் ஐ3 பறித்துக்கொள்ளும்.

உள்ளே போனதும் இவ்வளவு தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம்: மாட்-என்டர் டெர்மினல், மாட்-டி செயலி திறக்க, மாட்-ஷிஃப்ட்-க்யூ மூட, மாட்-ஷிஃப்ட்-ஈ வெளியேற. கான்ஃபிக்கைத் திருத்தியபின் மாட்-ஷிஃப்ட்-சி, அதாவது ரீலோட்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு நிரலைக் கிளப்ப எழுதும், "எக்ஸெக்" என்று தொடங்கும் வரி நீங்கள் உள்நுழையும்போது ஒருமுறை மட்டுமே ஓடும். "எக்ஸெக்-ஆல்வேஸ்" வரி ரீஸ்டார்ட் செய்தாலும் ஓடும்; அதற்கு விசை மாட்-ஷிஃப்ட்-ஆர். ரீலோட் இரண்டையும் தொடாது. புது எக்ஸெக் வரி எழுதிவிட்டு ரீலோட் அடித்தவர்கள் வரி தப்பென்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வது வழக்கம். மாறாக, எல்லாவற்றையும் எக்ஸெக்-ஆல்வேஸ் ஆக்கினால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அதே நிரலில் இன்னொரு பிரதி கிளம்பும்.

எக்ஸெக் வரியில் "நோ-ஸ்டார்ட்அப்-ஐடி" என்ற ஒட்டையும் (ஆணையோடு சேர்க்கும் கூடுதல் சொல்) சேருங்கள். அது இல்லாவிட்டால் சில நிரல்களுக்கு மவுஸ் சுட்டி ஒரு நிமிடம் கடிகாரமாகவே நிற்கும். கோப்பைத் திருத்திய பிறகு டெர்மினலில் ஐ3 ஆணையோடு பெரிய சி ஒட்டைச் சேர்த்து ஓட்டினால், எதையும் மாற்றாமல் பிழையை மட்டும் சோதித்துச் சொல்லும். ரீலோட் செய்தபின் மேலே சிவப்புப் பட்டை வந்தால் அதிலேயே பிழையைக் காட்டும் பொத்தான் இருக்கும்.

3. டெஸ்க்டாப் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள்

அதிக நேரம் தின்னும் படி இதுதான். க்னோம் மாதிரியான டெஸ்க்டாப் பின்னணியில் ஒரு டஜன் சேவைகளை ஓட்டுகிறது. ஐ3 சாளரங்களை மட்டும்தான் பார்க்கும். மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், ஐ3 தரும் கான்ஃபிக்கில் சில வரிகள் ஏற்கெனவே இருக்கும், அவை கூப்பிடும் நிரல்தான் கணினியில் இருக்காது. இல்லாத நிரலைக் கூப்பிட்டால் பிழைச் செய்தியும் வராது, சும்மா எதுவும் நடக்காது. அதனால் கோப்பை ஒருமுறை மேலிருந்து கீழே படித்து, எக்ஸெக் வரிகளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் டெர்மினலில் அடித்துப் பாருங்கள்.

பூட்டுத் திரைக்கு ஐ3லாக், எக்ஸ்எஸ்எஸ்-லாக் இரண்டும் வேண்டும். முன்னது பூட்டும், பின்னது கணினி உறங்கப் போகும்போது முன்னதைக் கூப்பிடும். முதலாவது மட்டும் இருந்தால் மூடியைத் திறந்ததும் உங்கள் திரை யாருக்கும் பூட்டில்லாமல் கிடக்கும். நிறுவிய கையோடு ஒருமுறை உறங்கவைத்து எழுப்பிச் சோதித்துவிடுங்கள்.

அட்மின் கடவுச்சொல் கேட்கும் பெட்டி, பாலிசிகிட் ஏஜென்ட் என்ற நிரல் ஓடினால்தான் வரும். டெர்மினல் அல்லாத ஒரு செயலியில் "நிறுவு" அல்லது "வட்டைத் திற" என்று அழுத்தியும் எதுவும் நடக்கவில்லையா, பெரும்பாலும் இது இல்லை என்றே பொருள். எல்எக்ஸ்பாலிகிட் சிறியது, போதும். அறிவிப்புகளுக்கு டன்ஸ்ட். வைஃபை சின்னத்துக்கு நெட்வொர்க் மேனேஜரின் ஆப்லெட். அது ஓடினால் ஐ3 பட்டையின் வலது மூலையில் தானே வந்து உட்காரும்.

ஒலி விசைகளுக்கான வரிகள் கான்ஃபிக்கில் பேக்ட்ல் ஆணையோடு தயாராக இருக்கும். வெளிச்ச விசைகளுக்கு இருக்காது. பிரைட்னஸ்சிடிஎல் என்ற நிரலை நிறுவி, இரண்டு பைண்ட்சிம் வரிகளை (விசையில் ஆணையைக் கட்டும் வரிகள்) நீங்களே எழுத வேண்டும். அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் பயனர் பெயரை "வீடியோ" குழுவில் சேர்த்துவிட்டு, லாகவுட் செய்து மறுபடி வாருங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் குழு மாற்றம் ஏறாது.

எக்ஸ்11-இல் நகலெடுத்த எழுத்து, அதைக் கொடுத்த செயலியிடமே இருக்கிறது. அந்தச் செயலியை மூடினால் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. க்னோமில் இது உறைக்காது, ஐ3-இல் முதல் நாளே உறைக்கும். கிளிப்பிட், காப்பிக்யூ மாதிரி ஏதாவது ஒரு கிளிப்போர்டு நிரலை எக்ஸெக் வரியில் போட்டால் தீர்ந்தது.

டச்பேடில் தட்டினால் கிளிக் ஆவது, இயல்பான திசையில் உருட்டுவது இரண்டும் ஐ3-க்குச் சம்பந்தமில்லாத விஷயம். எக்ஸ் சர்வரின் கான்ஃபிக் அடைவில் லிப்இன்புட்டுக்கு ஒரு சிறு கோப்பு வைத்து "டேப்பிங்", "நேச்சுரல்ஸ்க்ரோலிங்" இரண்டையும் ஆன் செய்யுங்கள். எக்ஸ்இன்புட் ஆணையிலும் செய்யலாம், ஆனால் அது அந்த அமர்வோடு சரி. கீபோர்டு வேகத்தை எக்ஸ்செட் ஆணையில் மாற்றினாலும் இதே கதை: கீபோர்டைக் கழற்றி மாட்டினாலே பழைய நிலைக்குப் போய்விடும்.

இன்னொன்று. செயலி திறக்க இருபது இருபத்தைந்து விநாடி எடுக்கிறதா? அது கணினியின் வேகக் குறைவால் வருவதில்லை. செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறும் டிபஸ் வழியாக, கோப்புத் தேர்வு, திரைப் பகிர்வு போன்றவற்றைச் செய்துதரும் ஏதோ ஒரு போர்ட்டல் சேவையைக் கூப்பிட்டு, பதில் வராமல் காத்திருந்து கைவிடுகிறது. டிபஸ்ஸின் வழக்கமான காத்திருப்பு 25 விநாடி. ஜிடிகே போர்ட்டல் பொதி நிறுவியிருக்கிறதா பாருங்கள். இருந்தும் தாமதித்தால், டிஸ்ப்ளே, எக்ஸ்அத்தாரிட்டி இரண்டு மாறிகளையும் டிபஸ்ஸுக்கும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்கும் தெரிவிக்கும் ஆணையைக் கான்ஃபிக்கின் முதல் எக்ஸெக் வரியாக வையுங்கள்.

வால்பேப்பருக்கு ஃபெஹ், ஸ்கிரீன்ஷாட்டுக்கு மெய்ம் அல்லது ஃபிளேம்ஷாட். நிழல், ஒளிபுகும் டெர்மினல் வேண்டுமென்றால் பிகாம். (அழகுக்காகப் பிகாமில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பது எல்லோருக்கும் நடக்கும்; மற்ற படிகளை முடித்துவிட்டுத் தொலையுங்கள்.)

4. சாளர விதிகளை எழுதுங்கள்

சில சாளரங்கள் ஓடாக ஒட்டாமல் மிதக்க வேண்டும், சில எப்போதும் ஒரே வொர்க்ஸ்பேஸில் (சாளரங்களைப் பிரித்துவைக்க உதவும் எண் கொண்ட மெய்நிகர்த் திரை) திறக்க வேண்டும். இதற்கெல்லாம் ஐ3-இலேயே வழி இருக்கிறது. டெர்மினலில் எக்ஸ்பிராப் அடித்து, சுட்டி கூட்டல் குறியானதும் வேண்டிய சாளரத்தில் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் டபிள்யூஎம்-கிளாஸ் என்ற வரியில் இரண்டு பெயர்கள் இருக்கும். முதலாவது "இன்ஸ்டன்ஸ்", இரண்டாவது "கிளாஸ்". முதலாவதை எடுத்துக் கிளாஸ் என்று விதி எழுதினால் வேலை செய்யாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்தும் அப்படியே பொருந்த வேண்டும். பெயரின் முன்னால் தொப்பிக்குறியும் பின்னால் டாலர் குறியும் போடாவிட்டால், அந்தப் பெயரைத் தனக்குள் கொண்ட வேறு செயலிகளும் விதியில் மாட்டும்.

வொர்க்ஸ்பேஸுக்கு அனுப்ப "அசைன்" என்ற வரி போதும். அதற்கு மசியாத செயலிகளும் உண்டு. அவை சாளரத்தைத் திறந்த பிறகுதான் தங்கள் பெயரைச் சொல்லும். அதற்குள் ஐ3 இடம் ஒதுக்கிவிட்டிருக்கும். அவற்றுக்கு "ஃபார்-விண்டோ" விதியில் "இந்த வொர்க்ஸ்பேஸுக்கு நகர்த்து" என்று எழுதுங்கள். பெயர் பிறகு மாறினாலும் இந்த விதி கவனிக்கும்.

சிறு சாளரத்தில் வீடியோ ஓடவிட்டு வொர்க்ஸ்பேஸ் மாற்றினால் வீடியோ பின்தங்கிவிடுகிறதா? அதை மிதக்கவைத்து "ஸ்டிக்கி எனேபிள்" கொடுங்கள், எங்கே போனாலும் கூடவே வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது வேறு செயலி குறுக்கே வந்து ஃபோகஸைப் பிடுங்கினால் "ஃபோகஸ்-ஆன்-விண்டோ-ஆக்டிவேஷன்" வரியில் "அர்ஜென்ட்" என்று வையுங்கள். பட்டையில் சிவப்பாகக் காட்டும், உங்களைத் தொந்தரவு செய்யாது. மவுஸ் நகர்ந்தாலே ஃபோகஸ் மாறுவதும் ஒரே வரியில் நிற்கும்: "ஃபோகஸ்-ஃபாலோஸ்-மவுஸ் நோ".

5. மினிமைஸ், ஆல்ட்-டேப், தானாகப் பிரிதல்

ஐ3-இல் மினிமைஸ் இல்லை. அதற்குப் பதில் ஸ்க்ராட்ச்பேட். மாட்-ஷிஃப்ட்-மைனஸ் அடித்தால் சாளரம் மறையும், மாட்-மைனஸ் அடித்தால் திரை நடுவில் மிதந்து வரும். பல சாளரங்களை உள்ளே போட்டால் வரிசையாகச் சுற்றும், எரிச்சலாக இருக்கும். நாலைந்து சாளரங்களை ஒளித்துவைக்க இது உதவாது. அதற்குக் காலியான வொர்க்ஸ்பேஸ் ஒன்றே மேல். பாட்டு, குறிப்பு, கால்குலேட்டர் மாதிரி ஓரிரண்டுக்கு அருமை. அவற்றுக்குக் கிளாஸ் பெயரோடு தனித்தனி விசை கட்டிவிடுங்கள்.

ஆல்ட்-டேப்பும் இல்லை. ரோஃபி என்ற தேடுபெட்டி நிரலை நிறுவி அதன் "விண்டோ" முறையை ஆல்ட்-டேப்பில் கட்டினால், பெயரின் இரண்டெழுத்தை அடித்தே சாளரத்துக்குத் தாவலாம். எனக்குப் பழைய ஆல்ட்-டேப்பை விட இது பிடித்துப்போயிற்று. இரண்டு வொர்க்ஸ்பேஸ் நடுவே மாறி மாறிப் போகிறவர்களுக்கு "வொர்க்ஸ்பேஸ்-ஆட்டோ-பேக்-அண்ட்-ஃபோர்த் யெஸ்" போதும்: இருக்கும் எண்ணையே மறுபடி அடித்தால் முந்தைய இடத்துக்குப் போகும்.

புதுச் சாளரம் எந்தப் பக்கம் பிரிய வேண்டும் என்று மாட்-எச், மாட்-வி அடித்து நாம்தான் சொல்ல வேண்டும். அது அலுத்தால் ஆட்டோடைலிங் என்ற சிறு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. சாளரத்தின் நீள அகலத்தைப் பார்த்துத் தானே முடிவுசெய்யும். ஒரு பெரிய சாளரம் இடப்பக்கம், மற்றவை வலப்பக்கம் அடுக்காக என்ற அமைப்புதான் வேண்டுமென்றால் ஐ3-ஐ வளைக்காதீர்கள். டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட் இரண்டும் அப்படியே பிறந்தவை.

6. சாளர அமைப்பை நினைவில் வைக்க

உள்நுழைந்ததும் நேற்று விட்ட இடத்தில் எல்லாம் திறக்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. ஐ3-சேவ்-ட்ரீ என்ற ஆணை இப்போதைய அமைப்பைக் கோப்பாகத் தரும், அப்பெண்ட்-லேஅவுட் அதைத் திரும்ப ஏற்றும். இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கோப்பில் "ஸ்வாலோஸ்" என்ற பகுதியின் வரிகள் கருத்துரையாக மூடியிருக்கும். வேண்டியதை நீங்களே திறந்துவிட வேண்டும். அடுத்தது, இது காலிச் சட்டங்களைத்தான் போடும், செயலிகளைத் திறக்காது. அவற்றை நீங்கள் தனியாகத் திறந்தால் ஒவ்வொன்றும் தன் சட்டத்துக்குள் போய் உட்காரும்.

இரண்டு மூன்று சாளரத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை. எக்ஸெக் வரிகளும் அசைன் வரிகளுமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

7. இரண்டாவது மானிட்டர்

மாட்டினால் தானாக விழிக்காது. ஆர்ராண்டர் என்ற வரைகலை நிரலில் இழுத்து அடுக்கி, அந்த அமைப்பை ஸ்கிரிப்டாகச் சேமியுங்கள். ஆட்டோராண்டர் வைத்தால், எந்த மானிட்டர் மாட்டியிருக்கிறது என்று பார்த்து அதற்குரிய அமைப்பைத் தானே போடும்.

கழற்றும்போதுதான் ஆபத்து. கேபிளை உருவினாலும் எக்ஸ் சர்வர் அந்தத் திரை இன்னும் எரிகிறது என்றே எண்ணிக்கொண்டிருக்கும். அங்கிருந்த சாளரங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கும். பதறி ரீபூட் செய்ய வேண்டாம். "எக்ஸ்ராண்டர்" ஆணையை "ஆட்டோ" ஒட்டோடு ஓட்டினால் எல்லாம் லேப்டாப் திரைக்கு வந்துவிடும். இதை ஒரு விசையில் கட்டிவைப்பது அவசியம், ஏனென்றால் டெர்மினலும் அந்தத் தெரியாத திரையில் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி வொர்க்ஸ்பேஸ் என்பது ஐ3-இன் வழி. ஒரே வொர்க்ஸ்பேஸ் இரண்டு திரையிலும் விரியாது, இதற்குக் குறுக்கு வழி தேடாதீர்கள். எந்த எண் எந்தத் திரையில் என்று "வொர்க்ஸ்பேஸ் அவுட்புட்" வரிகளில் எழுதிவிட்டால் பழகிவிடும்.

எழுத்து சிறியதாகத் தெரிந்தால் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் எக்ஸ்எஃப்டி டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) மதிப்பை மாற்றுங்கள். 96 என்பது நூறு சதவீதம். 120 வைத்தால் 125, 144 வைத்தால் 150, 192 வைத்தால் இரட்டிப்பு. எக்ஸ்ஆர்டிபி ஆணையால் ஏற்றிவிட்டு, செயலிகளை மூடித் திறங்கள்.

8. தமிழ் உள்ளீடும் தமிழ் எழுத்துருவும்

தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5 நிரலை எக்ஸெக் வரியில் தொடங்க வேண்டும். அதோடு செயலிகளை உருவாக்கப் பயன்படும் ஜிடிகே, க்யூடி நூலகங்கள் இரண்டுக்கும் உள்ளீட்டு முறையைச் சொல்லும் மாறிகளையும், எக்ஸ்மாடிஃபையர்ஸ் மாறியையும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் எழுத வேண்டும். மாறிகள் இல்லாமல் நிரலை மட்டும் ஓட்டினால் சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது. செட்எக்ஸ்கேபிமேப் கொண்டு கீபோர்டையே முழுத் தமிழாக்கினால் ஐ3-இன் எழுத்து விசைகள் படுத்துவிடும், ஏனென்றால் பைண்ட்சிம் தேடும் ஆங்கில எழுத்து அங்கே இருக்காது. அப்படித்தான் வேண்டுமென்றால் எழுத்தைப் பாராமல் விசையின் எண்ணைப் பார்க்கும் பைண்ட்கோட் முறைக்கு மாறுங்கள்.

தலைப்புப் பட்டையில் தமிழ் கட்டங்களாகத் தெரிந்தால், கான்ஃபிக்கின் ஃபான்ட் வரி "பாங்கோ" (எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நூலகம்) என்று தொடங்குகிறதா பாருங்கள். தமிழ் எழுத்துரு ஒன்றும் நிறுவியிருக்க வேண்டும்.

9. எக்ஸ்11 இருக்கும்வரை வராதவை

லேப்டாப் திரைக்கு இருநூறு சதவீதம், வெளி மானிட்டருக்கு நூறு சதவீதம் என்று தனித்தனி அளவு வேண்டுமா? டிபிஐ எல்லாத் திரைக்கும் ஒன்றுதான். டிபிஐ-யை 192 வைத்து, சாதாரண மானிட்டருக்கு எக்ஸ்ராண்டரில் "ஸ்கேல் 2 பெருக்கல் 2" கொடுப்பது தெரிந்த வழி. எழுத்து லேசாக மங்கும், கிராபிக்ஸ் சுமையும் ஏறும். நாள் முழுக்க எழுத்தையே பார்க்கிறவர்களுக்கு அந்த மங்கல் ஒத்துவராது.

அந்த நிலையில் ஸ்வே பக்கம் போவதுதான் சரி. எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த புதிய அடித்தளமான வேலண்டில் ஓடும் இது ஐ3-இன் கான்ஃபிக்கைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும். ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு, 1.5 போன்ற பின்ன அளவு, டச்பேட் அமைப்பு எல்லாம் அந்த ஒரே கோப்பில் எழுதலாம். நகர்த்தும் முன் கவனிக்க வேண்டியவை: எக்ஸ்ராண்டர், எக்ஸ்செட், எக்ஸ்இன்புட் வரிகளை நீக்குங்கள். ஐ3லாக்குக்குப் பதில் ஸ்வேலாக். பிகாம் தேவையே இல்லை. சாளர விதிகளில் கிளாஸ் பெயருக்குப் பதிலாகப் பெரும்பாலான செயலிகளுக்கு ஆப்-ஐடி வரும். அதை ஸ்வேஎம்எஸ்ஜி தரும் மரப் பட்டியலில் பார்க்கலாம். திரையைப் பகிர்ந்து பேசும் கூட்டங்கள் உண்டென்றால் டபிள்யூஎல்ஆர் போர்ட்டலையும் நிறுவி, முந்தின நாளே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். என்விடியாவின் சொந்த டிரைவரை ஸ்வே அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை, ஆகவே அந்தக் கார்டு உள்ளவர்கள் ஐ3-ஐயும் கையில் வைத்துக்கொண்டே முயன்று பாருங்கள்.

இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். ஸ்வேயின் கோப்பை அதன் சொந்த அடைவில் தனிப் பிரதியாக வையுங்கள். விசைகளை மட்டும் தனிக் கோப்பில் எழுதி இரண்டிலும் "இன்க்ளூட்" செய்தால் ஒரு திருத்தத்தை இருமுறை செய்ய வேண்டியதில்லை.